அதே கப்பலுக்குப் பன்னிரண்டு டிக்கெட்

எல்லம்மாக்காவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அந்தம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்பதைத்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன நாலாம் நாள் கட்டிலில் ஆளைக் காணவில்லை. நர்ஸ் தேடிக்கொண்டு போனால், அக்கா வராந்தாவில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெருக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சி மகன் கல்யாணத்தில், உத்திரமேரூர் மண்டபத்தில், குடும்பப் படம் எடுக்கத் தேடினார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் சோற்று அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு வந்த பாத்திரக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் தூரத்து உறவுக்காரர்கள்கூட இருக்கிறார்கள். அக்கா இல்லை.

எனக்கு இந்தக் குணத்தைப் பார்த்தால் சில நேரம் எரிச்சல்தான் வரும். நான் சுகிர்தா. பிளஸ் டூ வரை படித்தவள். நூறு நாள் வேலையில் போட்டோ எடுத்து வருகை போடுவது என் பொறுப்பு. மற்ற நாளில் எல்லம்மாக்காவின் நடவு செட்டில் பன்னிரண்டில் ஒருத்தி. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி மொத்தமாக எடுத்து நடுவோம். பேசுவது அக்கா, ஃபோனில் கணக்கு அனுப்புவது நான், வேலை எல்லோருக்கும்.

பேசுவதில் அக்காவுக்குப் பயம் கிடையாது. ஏரிக்குக் கீழே பத்து ஏக்கர் வைத்திருக்கிற கோபால் ஒருமுறை வரப்பில் குடையோடு நின்றுகொண்டு, நடவு நெருக்கமாக இருக்கிறது, பிடுங்கித் திரும்ப நடுங்கள் என்றார். அக்கா நிமிர்ந்தாள். நீ எறங்கி ஒரு மொழம் நட்டுக் காட்டு நைனா, அதப் பாத்து நாங்க நடறோம் என்றாள். அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பட்டத்து நடவுக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார், அது வேறு விஷயம்.

எங்கள் செட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வயலில் ஆளுக்கு இவ்வளவு அகலம் என்று பிரித்துக்கொண்டு பின்னோக்கி நட்டுக்கொண்டே போவோம். முதலில் முடித்தவள் வரப்பேறக் கூடாது. திரும்பி வந்து பின்தங்கியவள் பங்கில் கை வைக்க வேண்டும். மாதவிலக்கு வலியோ, முதுகு வலியோ, வீட்டில் புருஷனோடு சண்டையோ, காரணம் கேட்கக் கூடாது. கடைசி ஆள் ஏறும்போதுதான் எல்லோரும் ஏறுவோம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அக்காதான், முப்பது வருஷத்துக்கு முன்னால். இந்தச் சட்டம்தான் எங்களைக் கப்பலில் மாட்டிவிட்டது.

பட்டத்துக்கு ஒரு ஏக்கர் கூலியைப் பிரிக்காமல் எடுத்து வைப்போம். அது ஊர் சுற்றுவதற்கு. மேல்மருவத்தூர், திருத்தணி, வேளாங்கண்ணி எல்லாம் வேனில் போய்ப் பார்த்தாகிவிட்டது. போன வருஷம் நாற்றுப் பறிக்கும்போது நான் ஃபோனில் பார்த்த கப்பலைப் பற்றிச் சொன்னேன். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு அங்கேயே கொண்டுவந்து விடுவான், சாப்பாடு உள்பட. வருஷம் பூரா தண்ணிக்குள்ள நிக்கிறோம், ஒரு தபா தண்ணிக்கு மேல நின்னு பாப்போமே என்றாள் அக்கா. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. ராஜாராம் மாமா, அதாவது அக்காவின் புருஷன், டீக்கடையில் போய் என் பொண்டாட்டி கப்பல் கேப்டன் ஆகப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கப்பலைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்கள் நம்ப மாட்டார்கள். துறைமுகத்தில் எங்கள் புளிச்சோற்று மூட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். ஆறு படி அரிசி. அந்த வயிற்றெரிச்சல் உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அறைக்கு நாலு பேர், மூன்று அறை, வரிசையாக. ஜன்னலுக்குப் பதில் ஒரு குட்டி பால்கனி. கல்பனா, எங்களில் சின்னவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கரை தெரிகிறதா, கரை தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியவில்லை என்றதும் சந்தோஷமாகச் சிரித்தாள்.

எங்கள் வரிசைக்கு அறை சுத்தம் செய்ய வந்தவள் பேர் அம்முலு. நாற்பது வயதிருக்கும். ஆந்திராவில் நகரிக்காரி, தமிழ் நன்றாகப் பேசினாள். அவளுடைய இடது கால் கணுக்காலுக்கு மேல் வீங்கியிருந்தது. செருப்பின் வாரைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தாள். ஒரு ஆளுக்குப் பதினெட்டு அறையாம். அக்கா அவளை வந்த அன்றைக்கே பார்த்துவிட்டாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வயலில் வலியில் யார் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பாளே, அதே பார்வை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே எங்கள் மூன்று அறையையும் நாங்களே முடித்துவிட்டோம். விரிப்பை இழுத்துச் செருகி, குளியலறையைத் தேய்த்து, துண்டையெல்லாம் சோப்புப் போட்டு அலசி பால்கனிக் கம்பியில் உலர்த்தியிருந்தோம். அம்முலு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். கப்பலில் துணி காயப்போட்ட முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அவளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்து, இன்னும் எத்தனை அறை என்று கேட்டாள். பதினைந்து. எங்களுக்கு அது ஒரு வேலையா? ஒரு ஏக்கரில் கால்வாசிகூட இல்லை.

ஒரு மணி நேரத்தில் ஒன்பது அறை முடிந்தது. நாலு நாலு பேராகப் பிரிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு, வேலை ஓடியது. உண்மையைச் சொன்னால், மேல்தளத்து நீச்சல் குளம், ராத்திரி டான்ஸ் எல்லாவற்றையும்விட அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்தாவது அறையில்தான் வினை வந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஆள் காலைச் சாப்பாடு முடித்துத் திரும்பி வந்தார். அவருடைய அறையில் எல்லம்மாக்காவும் கல்பனாவும் இன்னும் இரண்டு பேரும். கல்பனா அவருடைய தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் போட்ட கூச்சலில் வரிசை முழுக்கக் கதவு திறந்தது. அப்புறம் கைக்கடிகாரத்தைக் காணவில்லை என்றார்.

நாலு பேரையும் அம்முலுவையும் ஆபீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்ற எட்டுப் பேரும் வெளியே நின்றோம். இரண்டு மணி நேரம். கடிகாரம் அந்த ஆளுடைய பெண்டாட்டி கைப்பையிலேயே இருந்தது. கிடைத்ததும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். எங்களையும் போகச் சொல்லிவிட்டார்கள். நான்கூட உள்ளே புகுந்து நாலு கேள்வி கேட்கப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அம்முலு உள்ளேயே இருந்தாள். அடுத்த நாள் காலை எங்கள் அறைக்குத் துண்டு கொண்டுவந்தது வேறு ஆள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அக்கா வாயே திறக்கவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தோம். வந்த பிறகு அந்தக் கதையை நாங்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லாத இடமில்லை. ராஜாராம் மாமா, ஊரெல்லாம் காசு குடுத்துக் கப்பல்ல ஜாலி பண்ணுது, எங்க வூட்டம்மா காசு குடுத்துப் பாத்ரூம் கழுவிட்டு வந்தா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை.

இந்த வருஷம் சொர்ணவாரிப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கப்பல்காரனிடமிருந்து என் ஃபோனுக்குச் செய்தி வந்தது. ஏற்கெனவே வந்தவர்கள் மறுபடியும் வந்தால் தள்ளுபடி உண்டு, இருபத்தைந்தாம் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். வரப்பில் நாஷ்டா சாப்பிடும்போது நான் அதைப் படித்தேன். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நம்ம பேரு கருப்புப் பட்டியல்ல இல்லையே என்றாள் ஒருத்தி. இந்த முறை எந்த அறைக்குள்ளும் போகக் கூடாது, பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

அக்கா சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். “அந்தக் கப்பலு வாணாம்.”

காரணம் கேட்டால் சொல்லவில்லை. வேறு எங்கேயாவது போகலாம் என்றாள். வேறு கப்பல் என்றால் கொச்சியிலிருந்து ஒன்று போகிறதாம், வேறு கம்பெனி. கல்பனாவின் மச்சினன் சொன்னான். ரயிலில் போய் ஏற வேண்டும். செலவு கூடத்தான் ஆகும். இருந்தாலும் அக்கா சொல்லிவிட்டாள் என்பதற்காக எல்லோரும் கொச்சி, கொச்சி என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பார்த்துப் பார்த்து முதல் கப்பலைக் கண்டுபிடித்தது நான். துறைமுகத்தில் அடையாள அட்டை எடுத்து நீட்டியது முதல் கழிவறைக் குழாயைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தது வரை நான். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அந்த ஆளு கத்தினதுக்கு வெட்கமா இருந்தா, வெட்கப்பட வேண்டியது அவன்தான் என்று சொன்னேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று நட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. நான் வா என்றுகூடச் சொல்லவில்லை. அவளே முறத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கீரையை உருவிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அந்த ஆபீஸ் அறையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு அதிகாரி இருந்தாராம். தோளில் பட்டை பட்டையாகத் தங்கக் கோடு. அவர் இங்கிலீஷில் கேட்க, ஒருத்தர் தமிழில் சொன்னாராம். கேட்டது ஒரே கேள்வி. கதவை யார் திறந்தது?

திறந்தது அக்கா. அம்முலு கழுத்தில் மாட்டியிருந்த கதவு திறக்கும் அட்டையை, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நீ குந்து என்று கழற்றி வாங்கியது அக்காதான். அது எங்களில் யாருக்கும் தெரியாது. கதவெல்லாம் முன்பே திறந்து கிடந்ததால் அம்முலுவே திறந்துவிட்டுப் போனாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். துறைமுகத்தில் போலீஸ் என்று அந்த அதிகாரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பேரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார்கள், ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், கல்பனாவின் மாமியார் என்ன பேசுவாள் என்றெல்லாம் ஓடியிருக்கிறது. அவள் பேசாமல் நின்ற அந்த நேரத்தில் அம்முலு சொல்லிவிட்டாள். நான்தான் சார் திறந்து வைத்துவிட்டுப் போனேன், என் தப்பு.

“நான் வாயே தொறக்கல சுகிர்தா,” என்றாள் அக்கா. “கோபாலு கிட்ட பேசற வாயி, அன்னிக்கு எங்க போச்சுன்னு தெரியல. அவ வேலை போயிருந்தா அது நான் புடுங்கினது. அந்தக் கப்பல்ல ஏறி எந்த மூஞ்சிய வெச்சுக்கினு குந்துவேன்?”

இரண்டு நாளாக மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்ததை நினைத்து என் மேலேயே கோபம் வந்தது. ஒரு வருஷமாக நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை, அவளுக்குள் ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தியிருக்கிறது.

ஃபோன் எடுத்து அந்தக் கம்பெனிக்குப் போட்டேன். தமிழுக்கு இரண்டை அழுத்து, டிக்கெட்டுக்கு ஒன்றை அழுத்து என்று அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்தது. கடைசியில் ஒரு பெண் பேசினாள். ஊழியர்களைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை மேடம், தங்களுக்கு எத்தனை டிக்கெட் பதிவு செய்யட்டும் என்றாள். மறுநாள் வேறு குரல், அதே பதில். மூன்றாம் நாள் எழுதிப் போடுங்கள் என்றார்கள். எழுதிப் போட்டேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. பேஜாராகிப் போய் ஃபோனைக் கட்டிலில் வீசினேன்.

இருபத்துநாலாம் தேதி, ஏரி மடைக்குப் பக்கத்து வயல். கொச்சியா சென்னையா என்று அன்றைக்குச் சொல்லியாக வேண்டும். கொச்சிக் கப்பலில் போனால் ஒரு தொல்லையும் இல்லை என்பதை நானே அக்காவிடம் சொன்னேன். யாருக்கும் எங்களைத் தெரியாது, புதிதாக ஏறலாம், புதிதாக இறங்கலாம். அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டு நாற்றை எடுத்தாள், பிரித்தாள், நடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் வயலுக்குள்ளேயே நிமிர்ந்து நின்று எல்லோரையும் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அட்டையை வாங்கியது, கதவைத் திறந்தது, கேட்டபோது சும்மா நின்றது எல்லாம்.

கல்பனாதான் முதலில் பேசினாள். அந்த அறைக்குள் இருந்த மூன்று பேரும் பயந்துபோய் நின்றோம், திறந்தது நாங்களாக இருந்தாலும் எங்களுக்கும் வாய் வந்திருக்காது என்றாள். நீ மட்டும் ஏன் சுமக்கிறாய் என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி, உனக்குக் கொச்சிதானே வேண்டும், அங்கேயே போகலாம், அந்தக் கப்பல் பேச்சே வேண்டாம் என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். “ஃபோன்ல சொல்ல மாட்டேங்கறாங்கோ. லெட்டருக்கும் பதிலு இல்ல. போய்த்தான் கேக்கணும். அவ கீறாளா இல்லியான்னு தெரியணும். கீறான்னா, நான்தான் தொறந்தேன்னு அந்த ஆபீசரு கிட்ட சொல்லணும். இல்லன்னா, அப்பவும் சொல்லணும். நான் ஒருத்தி போயிட்டு வரேன். நீங்க கொச்சிக்குப் போங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தேன். வரப்புக்கு ஏறக்கூட இல்லை. அதே கப்பலுக்குப் பன்னிரண்டு டிக்கெட் பதிவு செய்தேன். யாரும் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லவில்லை.

சொர்ணவாரி நடவு முடிந்து ஒரு வாரத்தில் கிளம்பினோம். இந்த முறை புளிச்சோறு கட்டவில்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, ஒரு வேனை அடைத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் பாட்டும் கேலியும்தான். மூன்றாவது சீட்டில் அக்கா மட்டும், சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஏறவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற என் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. துறைமுகத்தில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், நல்வரவு என்றார்கள். அவ்வளவுதான்.

அக்கா அறைக்குப் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டே நேராக வரவேற்பு மேசைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். மேசையில் தானியேல் என்று பேர்ப்பட்டை குத்திய ஒருவர் இருந்தார். சுங்குவார்சத்திரத்துக்காரர், நம் பக்கத்துப் பேச்சு. அறை சரியில்லையா அம்மா என்று கேட்டார். அக்கா சொல்லத் தொடங்கினாள். ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. போன வருஷம் உங்க கப்பல்ல ஒரு கதவத் தொறந்தேன், பழிய வேறொருத்தி ஏத்துக்கினா, நான் சும்மா நின்னேன், அதச் சொல்லத்தான் வந்தேன் என்றாள்.

தானியேல் முதலில் சிரிக்கப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. பேரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தேடினார். அம்முலு இன்னும் இதே கப்பலில்தான் இருக்கிறாள் என்றார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். வேலை போகவில்லை. ஆனால் அறை வேலையிலிருந்து எடுத்துக் கீழே துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் பேரில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது, அந்தக் குறிப்பு இருந்தால் புதுப்பிப்பது சந்தேகம்தான். எழுதிக் கொடுத்தால் மேலே காட்டுகிறேன், வேறு எதுவும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நான் எழுதினேன். அக்கா எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் கடலையும் பார்த்தோம், ஐஸ்கிரீமும் சாப்பிட்டோம். அக்காவுக்கு ஒன்றும் இறங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தானியேல் தேடிக்கொண்டு வந்தார். கடிதத்தைப் பெரியவர்கள் படித்தார்களாம். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டார்களாம். அம்முலுவுக்கும் சொல்லியாகிவிட்டது, உங்களைப் பார்க்கப் பத்து நிமிஷம் அனுமதி கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேர் மட்டும் என்னோடு வாருங்கள் என்றார். மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நானும் அக்காவும் அவர் பின்னால் இறங்கினோம். பயணிகள் போகாத இரும்புப் படிக்கட்டு. கீழே போகப் போகச் சூடும் சோப்பு வாசனையும் வந்தன.

ஒரு கனத்த கதவுக்கு வெளியே அம்முலு வந்து நின்றாள். தலையில் வெள்ளைத் தொப்பி, கை இரண்டும் நீரில் ஊறி வெளுத்திருந்தன. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

என் மேல் கோபமா என்று அக்கா கேட்டாள்.

“கோவம்தான்,” என்றாள் அம்முலு. “ஆறு மாசம் இருந்துச்சு. பொண்ணு நர்சிங் படிக்குது. மேல இருந்தா நாலு பேரு கையில காசு குடுத்துட்டுப் போவாங்கோ, கீயே எவன் குடுப்பான்? நீ வாயத் தொறந்திருக்கலாமேன்னு துணிய முறுக்கும்போதெல்லாம் நெனப்பேன். அப்பால எனக்கே தோணுச்சு. உன் பின்னால பதினோரு பேரு நின்னாங்கோ, அவங்களக் காப்பாத்தப் பாத்தே. என் பின்னால யாரும் இல்ல. போனா ஒருத்தியோட போவட்டும்னுதான் நான் சொன்னது.”

கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியதை அக்கா துடைக்கக்கூட இல்லை. தப்புதாம்மா என்று மட்டும் சொன்னாள்.

“ஒம்பது வருஷமா கப்பல்ல கீறேன்,” என்றாள் அம்முலு. இப்போது அவள் குரலும் சரியாக இல்லை. “உன்ன மறக்க மாட்டோம் அம்முலுன்னு சொல்லிட்டு எறங்கினவங்க எத்தினியோ பேரு. மறுபடி டிக்கெட்டு வாங்கிக்கினு வந்து, நான் இன்னா ஆனேன்னு கேட்ட ஆளு நீ ஒருத்திதான்.”

“நான் ஒருத்தி வாங்கலம்மா,” என்றாள் அக்கா. “அங்க பாரு.”

அம்முலு எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேர் மட்டும் என்று அத்தனை தரம் சொல்லியும் கேட்காமல், புதுப் புடவையும் பூவுமாகப் பத்துப் பேரும் அந்த இரும்புப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். தானியேல் பார்த்தும் பார்க்காதவர் போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்முலு தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்காவும் அழுதாள். எனக்கு மட்டும் என்ன கல் நெஞ்சா, நானும்தான் அழுதேன்.